மறதியும் கலைக்களஞ்சியமும்

யூபிலி மலர் நினைவின் மலர். அதன்கண் மறதியைப் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயினும் மாணவரொடு நாளும் பழகும் எமக்கு மறதி நீங்காத விடயமாகும்.

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பதிப்பு 2003 ஆம் ஆண்டு தோன்றியது. அதனை வளர்த்தோருள் முன்னின்றவர் எம் நாட்டவராகிய இ. மயூரநாதன். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்பது அதன் நெறி. அண்மையில் மாணவனொருவன் அதற்கென ‘மறதி வளையி’ என்னும் உளவியற் கருத்தைப் பற்றித் தான் வரைந்ததை எம்மிடங் காட்டினான். மனிதன் கற்றதில் மூன்றிலிரண்டு பங்கை ஒரே நாளில் மறந்துவிடுகிறான், இஃது எல்லார்க்கும் பொது விதி என்பது அதன் முடிபு. எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லை, பொருட்பிழையோ பெரிது.

உண்மை யாது? ஜேர்மானிய அறிஞர் ஹேர்மன் எபிங்கௌஸ் 1885 இல் நினைவாற்றல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அவர் சோதித்தது ஒருவரையே; அவ்வொருவரும் தாமே. மறதியை அளக்க அவர் கற்றவை பாட்டும் உரையும் அல்ல, பொருளற்ற அசைகள். ஒருமுறை மனனஞ் செய்த வரிசையைச் சிலகாலங் கழித்து மீண்டும் மனனஞ் செய்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது என்பதையே அவர் கணக்கிட்டார். 20 நிமிடத்தின் பின் நூற்றுக்கு 58 பங்கும், ஒரு நாளின் பின் 34 பங்கும், 31 நாளின் பின் 21 பங்கும் மிச்சமாயின. எனவே இவ்வெண்கள் நினைவில் நின்ற அசைகளின் தொகையைக் குறிப்பனவல்ல.

இவ்வேறுபாடு சிறிதென எண்ணற்க. மாணவன் எழுதியவாறு படிக்கும் ஆசிரியர், கற்பித்தும் பயனென் எனச் சோர்வர். உண்மையை அறிந்தவரோ, முற்றும் மறந்தான் எனத் தோன்றும் பிள்ளையிடத்தும் முன்னைக் கல்வியின் பயன் எஞ்சியிருத்தல் கூடுமெனத் தெளிந்து, மீண்டுங் கற்பிக்க முற்படுவர். நேற்றுப் படித்த செய்யுளை இன்று ஒப்புவிக்க இயலாத பிள்ளையை யாமும் வகுப்பில் நாணச் செய்ததுண்டு. அதனை எண்ணி இன்று வருந்துகின்றோம்.

மாணவனுடன் இரு மாலைப்பொழுது இருந்து கட்டுரையைத் திருத்தினோம். ‘பொது விதி’ என்பதை நீக்கினோம். யாரை, எதனைக்கொண்டு, எவ்வாறு சோதித்தனர் என்பதை முதற்கண் வைத்தோம். 2015 இல் வெளியான மறுசோதனையொன்றும் ஒத்த வளையியையே தந்தது என்பதையும், அதிலும் சோதிக்கப்பட்டவர் ஒருவரே என்பதையும் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்குஞ் சான்று காட்டினோம். எமது வகுப்பனுபவத்தையும் எழுதலாமே என்றான் அவன். கலைக்களஞ்சியம் பிறர் ஆய்ந்து வெளியிட்டதை உரைக்கும் இடமன்றித் தங்கருத்தை நாட்டும் இடமன்று எனத் தடுத்தோம்.

யாழ்ப்பாணத்திலே 1902 ஆம் ஆண்டு ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசத்தைத் தொகுத்து வெளியிட்டார். அம்மரபிற்கு உரியவர் யாம். அவர்க்கு வாய்க்காத வசதியெல்லாம் எமக்கு வாய்த்துள்ளது. அவரது ஊக்கந்தான் வேண்டும். மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் பல நாடுகளில் வாழும் பழைய மாணவர்காள்! தாந்தாம் கற்ற துறையில் ஒரு கட்டுரையையேனும் சான்றொடு திருத்தித் தருக. நன்கொடைப் பட்டியலில் அஃது இடம்பெறாது. எனினும் கல்லூரிக்கு நீவிர் செய்யுங் கைம்மாறுகளுள் அதுவும் ஒன்றாகும்.