"யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஜீன் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்க மக்களே, கணக்குப் பிழை சம்பந்தப்பட்ட விஷயம்தான் இது.

ஒரு பெண் குழந்தை பேசத் தாமதமானால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "உங்க பக்கத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சாம்மா?" எப்போதும் அம்மாவிடம்தான். அப்பாவிடம் ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததே இல்லை!

டிடிஎக்ஸ்3எக்ஸ் என்று ஒரு ஜீன், எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது தயாரிப்பது ஒரு ஆர்என்ஏ ஹெலிகேஸ். அதாவது சிக்கல் விழுந்த ஆர்என்ஏ நூலை, ஏடிபியைச் செலவழித்துப் பிரித்துக் கொடுக்கும் என்சைம். பிரித்தால்தான் ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்யும். (இந்தக் குடும்பத்துக்கு 'டெட் பாக்ஸ்' என்று பெயர். பயப்படாதீங்க, டி-ஈ-ஏ-டி என்பது நான்கு அமினோ அமிலங்களின் எழுத்து, அவ்வளவுதான்.) பெண்களின் இரண்டு எக்ஸில் ஒன்று பெரும்பாலும் மௌனமாகிவிடும். ஆனால் இந்த ஜீன் அதிலும் தப்பித்து வேலை செய்யும். எனவே ஒரு பிரதி கெட்டாலே மூளை வளர்ச்சி பாதிக்கலாம்.

2015-ல் வெளியான ஆய்வில் 38 பெண்களிடம் இந்த ஜீனில் மாற்றங்களைக் கண்டார்கள். காரணம் தெரியாத அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களில் 1 முதல் 3 சதவீதம் பேருக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்த மாற்றங்கள் பெற்றோரிடம் இல்லை, புதிதாக விழுந்தவை. அம்மா லெட்ஜரும் சரி, அப்பா லெட்ஜரும் சரி. நகல் எடுக்கும்போது ஒரு எழுத்து தப்பிவிட்டது. இதற்குச் சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதும் காரணமில்லை, கிரகணத்தன்று வெளியே போனதும் காரணமில்லை.

இல்லை, யாரையாவது திட்டியே ஆகணும் என்றால்... மொத்த ஜீன்களையும் எடுத்துக்கொண்டால், இப்படிப் புதிதாக விழும் எழுத்துப்பிழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு அப்பாவின் விந்தணு வழியாக வருகிறது, வயது ஏற ஏறக் கூடுகிறது. எந்த அத்தையாவது இதை மாப்பிள்ளையிடம் சொல்வாரா? அவரையும் திட்ட வேண்டாம், அது யார் கையிலும் இல்லை.

அம்மாவிடமிருந்து மகனுக்கு வந்த சில குடும்பங்களும் உண்டுதான். அங்கேயும் அந்த அம்மாக்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். தங்களிடம் இருப்பதே தெரியாதவர்களிடம் என்ன விசாரணை?

குழந்தை, அம்மா, அப்பா மூன்று பேர் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புதிதாக விழுந்ததா, வழிவந்ததா என்று தெரிந்துவிடும். அத்தைமார்கள் விசாரிக்க வேண்டிய இடம் அந்த லேப், அம்மா நிற்கிற சமையலறை இல்லை.