சிமெண்ட்டைக் கூட்டினால் போதுமா?

தாது எடுத்த வெற்றறைகளை அடைக்கும் சுரங்க நிரப்புக்கு வலுவேற்ற சிமெண்ட்டைக் கூட்டினால் போதும், மற்றச் சேர்மானமெல்லாம் வியாபாரத் தந்திரம் என்கிறார் நண்பர். கியூபெக்கின் அபிட்டிபி பக்கம் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே நிரப்பாகப் பயன்படும், தாது அரைத்த கழிவில் பைரைட் என்ற கந்தகக் கனிமம் உண்டு. காற்றும் நீரும் பட்டால் அது சல்பேட்டாகி சிமெண்ட் பிணைப்பையே அரிக்கும். முதல் மாதம் கல்லாக நின்றது பிறகு பொரிந்துபோகலாம். அதனால்தான் சிமெண்ட்டோடு இரும்பு உலைக் கசட்டுத் தூளைக் கலக்கிறார்கள். மெல்ல இறுகும், உண்மைதான். ஆனால் சல்பேட்டைப் பெரும்பாலும் தாங்கும். சிமெண்ட்டும் தூளும் சேர்ந்த பிணைப்பான் பொதுவாக நிரப்பின் எடையில் 3 முதல் 7 விழுக்காடுதான், ஆனாலும் நிரப்புச் செலவில் பெரும்பங்கு அதுவே. கூட்டச் சொல்பவர் பில்லையும் கட்டுவாரா? அவர் காட்டுவது 28 நாள் சோதனைக் கட்டியின் எண். ஆனால் பக்கத்து அறைக்கு வெடிவைத்து, நிரப்பு தாங்கலின்றி நிற்க வேண்டி வருவது பல மாதம் கழித்தும் இருக்கலாம். அந்த வயதின் எண்ணைக் காட்டட்டும்.