மரம் வெட்டும் தம்பிமாருக்கும், அவர்களைக் கூப்பிடும் நமக்கும்



கொஞ்சம் நீண்ட பதிவுதான். செயின்சோ பிடித்துத் தொழில் செய்கிற தம்பிமாரும், மரம் வெட்ட ஆள் தேடுகிற நாமும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாரியில் அடித்த காற்றுக்கு எங்கள் வளவில் நின்ற வாகை மரம் பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கம் சரிந்துவிட்டது. என்னிடம் படித்த பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டேன். இருபத்தாறு வயது. மெஷினை இழுத்து ஸ்டார்ட் பண்ணியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

"சேர், சைலன்சரத் திறந்து விட்டிருக்கன். பேஸ் கேஸ்கட்டும் கழட்டியாச்சி. காபரேட்டரையும் நானே டியூன் பண்ணினன். இப்ப இது பழைய மெஷின் இல்ல" என்றார் பெருமையோடு.

உண்மைதான். ஒரு நாள் வேலை என்று நினைத்தது லுஹருக்கு முன் முடிந்துவிட்டது. "மாஷா அல்லாஹ், நல்ல வேகம்" என்று முதுகில் தட்டிக் காசையும் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் அவரைப் பற்றிச் சொல்லியும் விட்டேன்.

அந்தத் தட்டு இன்று என்னை உறுத்துகிறது. இரண்டு மாதத்துக்குள் அந்த மெஷின் ஓடும்போதே இறுகி நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. ராத்தாவின் நகையை அடகு வைத்து வாங்கிய மெஷின் அது. அதைவிடப் பெரிய கவலை, சில நாட்களுக்கு முன் தேநீர்க் கடையில் பின்னால் இருந்து மூன்று முறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தார். "காதுக்குள்ள எந்நேரமும் கூவிக்கிட்டே இரிக்கி சேர்" என்றார்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சில விடயங்களை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது சொல்கிறேன்.

பொய் சொல்ல மாட்டேன், சைலன்சரைத் திறந்தால் பவர் கூடத்தான் செய்யும். புகை இலகுவாக வெளியேறும், புதுக் காற்று அதிகமாக உள்ளே வரும். ஆனால் காற்று கூடினால் பெற்றோலையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். நம் தம்பிமார் பலர் செய்வது நேர்மாறு. சத்தம் கூர்மையாக வருகிறது என்பதற்காகக் காபரேட்டர் ஸ்குரூவை இன்னும் இறுக்கிப் பெற்றோலைக் குறைக்கிறார்கள்.

செயின்சோ இன்ஜின் டூ ஸ்ட்ரோக். மோட்டார் சைக்கிளில் இருப்பது போல அதற்குத் தனி ஒயில் தொட்டி கிடையாது. பிஸ்டனுக்கு வழுக்குத் தருவது பெற்றோலில் நாம் கலக்கும் ஒயில்தான். 50:1 என்று சொல்லியிருக்கும் மெஷினுக்கு ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பெற்றோலைக் குறைத்தால் அந்த ஒயிலும் சேர்ந்து குறைகிறது. சூடு ஏறுகிறது, வழுக்கு இறங்குகிறது. கொஞ்ச நேரம் மெஷின் பேய் மாதிரி ஓடும், பிறகு இறுகி நிற்கும். பேஸ் கேஸ்கட்டைக் கழற்றினால் அமுக்கம் கூடும், அதோடு சூடும் கூடும். அளந்து பார்க்காமல் கழற்றினால் பிஸ்டன் தலை மேலே முட்டவும் இடமுண்டு.

"வெளிநாட்டில் செய்கிறார்களே சேர்?" என்று கேட்கிறார்கள். செய்கிறார்கள். மரம் வெட்டும் போட்டிகளில் 'ஹொட் சோ' என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்த மெஷின் ஒரு மரத்துண்டில் மூன்று வட்டு அரிவதற்காகச் சில விநாடிகள் ஓடுகிறது. பிடிக்கிறவர் காலுக்கும் காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டிருக்கிறார். நம் பிள்ளை அதே மாதிரியான மெஷினை பாட்டாச் செருப்போடு காலை முதல் அஸர் வரை ஓட்டுகிறார். வீடியோவில் சத்தம் கேட்கிறது, இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை.

காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தொழில் பாதுகாப்பு பற்றி ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தில் 8 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம் மட்டுமே. சைலன்சர் ஒழுங்காக உள்ள செயின்சோவே பொதுவாக 100ஐத் தாண்டும். திறந்து விட்டால்? இப்படிப் போன கேள்வி திரும்பி வராது. மெஷினுக்குப் பிஸ்டன் மாற்றலாம், காதுக்குள் மாற்ற எதுவும் இல்லை.

சரி, வேகமாக வெட்ட வேறு வழியே இல்லையா? இருக்கிறது. பல வருடம் இந்தத் தொழில் செய்த காக்கா ஒருவர் நம்மூரில் இருக்கிறார். அவர் மெஷினில் ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போதும் மரக்குற்றியில் உட்கார்ந்து வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லையும் இரண்டு மூன்று தரம் தேய்ப்பார். "தூள் மாவாட்டம் விழுந்தா செயின் மொட்டை. சீவல் சீவலா விழுந்தா கூர்" என்பார். மொட்டைச் செயினை எவ்வளவு பெரிய இன்ஜினில் போட்டாலும் அது மரத்தைத் தேய்க்குமே தவிர வெட்டாது. கூர்ச் செயின் தானாகவே மரத்துக்குள் இறங்கும், கையால் அமுக்கத் தேவையில்லை.

இதிலும் ஓர் எச்சரிக்கை. வெட்டும் பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டைச் சிலர் வேகத்துக்காக அதிகமாக அராவி விடுகிறார்கள். பெரும்பாலான செயின்களில் அது பல்லை விட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர்தான் பதிந்திருக்க வேண்டும். கூடுதலாகப் பதிந்தால் பல் மரத்தை ஒரேயடியாகக் கவ்வும். பாரின் நுனியின் மேற்பக்கம் எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். கண் இமைக்கவும் நேரம் இராது. அந்த நேரத்தில் நம்மைக் காப்பது முன்னால் இருக்கும் செயின் பிரேக். அதையும் இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறுக்கும் முன் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் நாளே கத்தி தீட்டும் நாம், தொழில் செய்யும் செயினை மட்டும் ஏன் மறந்தோம்?

இதில் தம்பிமாரை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. மரத்துக்கு இவ்வளவு என்று கொந்தராத்துப் பேசுவது நாம். "மற்றவன் அரை நாளில் முடிக்கிறானே" என்று விலை குறைப்பதும் நாம். அவர் உட்கார்ந்து செயின் தீட்டினால் "சும்மா இருக்கிறான்" என்று முணுமுணுப்பதும் நாம்தான். சத்தம் போடும் மெஷினைத்தான் நல்ல மெஷின் என்று நாமும் நம்பியிருக்கிறோம், நான் உட்பட. நம் அவசரத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை சைலன்சரைத் திறந்தார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அடுத்த முறை மரம் வெட்ட ஆள் கூப்பிடும்போது "எத்தனை மணிக்கு முடியும்?" என்று முதலில் கேட்காதீர்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா, காதுக்கு மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். செயின் தீட்டும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கெடுத்துக் கூலி கொடுங்கள்.

தம்பிமாரே, உங்கள் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளைகள் நீங்கள். அந்தத் திறமையை மெஷினை ஒழுங்காகப் பராமரிக்கப் பாவியுங்கள். திறந்த சைலன்சரை மூடி, ஸ்குரூவைக் கம்பனி சொன்ன அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

காது மூடி இரண்டு சோடி வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று அந்தப் பிள்ளைக்கு. மற்றது தேவைப்படுகிறவர் மஃரிபுக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு தேவையில்லை. செயின் தீட்டப் பழக விரும்புகிறவர்களையும் அந்தக் காக்காவிடம் கூட்டிப் போகிறேன். அவரிடம் பேசிவிட்டேன், சந்தோசமாகச் சம்மதித்தார்.