படகில் வந்தவர்கள் தேடிப்போனது உறவினர் வீட்டை

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் அந்த நாட்டில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலோர் தாயகம் திரும்பினார்கள். சுமார் 6 லட்சம் பேர் தங்கிவிட்டார்கள். திரும்பியவர்கள் கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது 1,000 யென் மட்டுமே. ஊரிலோ வேலையில்லை, அரிசியில்லை, 1946இல் காலராவும் பரவியது. பலர் இரவோடு இரவாகப் படகேறி மறுபடியும் ஜப்பான் கரைக்கு வந்தார்கள். ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று முத்திரை குத்தப்பட்ட இவர்கள், உண்மையில் பிரிந்த குடும்பத்தோடு சேர வந்தவர்கள். குற்றம் அவர்களுடையதல்ல, குடும்பத்தின் குறுக்கே எல்லைக்கோடு போட்டவர்களுடையது.

கொரியாவின் ஜெஜு தீவைப் பாருங்கள். 1920களிலேயே அத்தீவுக்கும் ஒசாகாவுக்கும் நேரடிக் கப்பல் ஓடியது. 1930களின் நடுவில் தீவு மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஜப்பானில் இருந்தார். எனவே 1948 ஏப்ரலில் தீவில் தொடங்கிய கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய படைகளின் வெறியாட்டமும் 25,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் நாட்களில், தப்பியவர்களுக்குப் போக்கிடம் தெரிந்தே இருந்தது. ஒசாகாவின் இக்காய்னோ பகுதியில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தார்கள். படகுக் கூலிக்குக் கடன் தருவதும், வந்தவரை மாடியறையில் மறைத்துவைப்பதும், பசை நெடியடிக்கும் செருப்புப் பட்டறையில் ஒரு மூலையில் உட்காரவைத்துத் தொழில் பழக்குவதும் அவர்கள்தான்.

வறுமையும் வன்முறையும்தானே விரட்டின, இதில் உறவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஊரைவிட்டு ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு வறுமையும் வன்முறையும் பதில் சொல்லும். ஒரே கிராமத்தார் ஒரே தெருவில் வந்து சேர்ந்தது ஏன் என்பதற்கு உறவுதான் பதில். உறவு சுரண்டவும் செய்தது என்பது இன்னொரு வாதம். மறுப்பதற்கில்லை. ஆவணமில்லாதவர் மாமாவின் பட்டறையில் குறைந்த கூலிக்கு நாள் முழுக்க உழைத்தாலும் முறையிட இடமில்லை. ஆனால் அவர் வாயை அடைத்தது உறவா, போலீஸ் பயமா? பிடிபட்டால் நாகசாகி மாவட்டத்து ஓமுரா தடுப்பு முகாம், அங்கிருந்து தென்கொரியாவின் பூசானுக்குக் கப்பல். சட்டத்தின் காவல் இருந்திருந்தால் எந்த மாமாவுக்கும் அந்தப் பிடி கிடைத்திருக்காது.

எல்லையைக் காக்க அரசுக்கு உரிமையில்லையா என்பதே வலுவான கேள்வி. உண்டு. ஆனால் கொரியாவைத் தன் நாடென்று சொல்லி, இந்த மக்களைத் தன் குடிகளாக்கிச் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைக்கவைத்த அரசு, 1947இல் அவர்களை அந்நியராகப் பதிவுசெய்யவைத்து, 1952இல் குடியுரிமையையும் பறித்தது. தானே கட்டிய உறவுகளைத் தானே சட்டவிரோதமாக்கியது. 1991இல் வந்த சிறப்பு நிரந்தர வசிப்புரிமைகூட, 1945 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன்பிருந்து தொடர்ந்து ஜப்பானில் வாழ்ந்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும்தான். ஒருமுறை ஊருக்குப் போய்ப் படகில் திரும்பியவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வாசற்கதவைத் திறந்துவிட்டவர்கள் உறவினர்கள் மட்டுமே.