திரையற்ற கணிப்பொறிக்கு ஒரு வாய் வேண்டும்

களநிலையங்களிலும் பள்ளிகளிலும் இன்று நிறுவப்பெறும் சர்வர்களுட் பலவற்றிற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வலைப்பின்னல் வழியாகவே அவற்றிற்கு ஆணையிடுகிறோம். அவ்வழி அடைபட்டவுடன், மானிட்டர் ஒன்று அனுப்புமாறு தலைமை அலுவலகத்திற்கு எழுதுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் ஒழிதல் நன்று. நாம் கேட்க வேண்டியது திரையன்று. யந்திரம் தன் நிலையைத் தெரிவித்தற்கு வலைப்பின்னலைச் சாராத மற்றொரு வழியே. அதனையும், யந்திரத்தை அறையில் வைத்துப் பூட்டுமுன் அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

கண்ணால் நோக்காமலே கருவியின் கூற்றை அறிதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1965-இல் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் கூடி, காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களைத் தேடினர். நியூட்ரினோ பாறையில் மோதித் தோற்றுவிக்கும் மியூஆன் துகள் கருவியைக் கடப்பது மிக அரிய நிகழ்ச்சி. அதற்காக ஒருவர் கண்கொட்டாது காத்திருத்தல் இயலுமோ? துகள் கடக்கும்போது பிளாஸ்டிக் பலகைகளில் எழும் சிற்றொளி மின்துடிப்பாக மாறி, நியான் குழாய்களை ஒளிரச் செய்தது. காமிரா அவ்வொளியைப் படத்திற் பதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பெற்றன. கருவியே தன் சான்றைப் பதிந்துவைக்கும் அம்முறை பழமையடைந்துவிடவில்லை.

சர்வருக்கு அத்தகைய வழி சீரியல் போர்ட். அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுத்தரைக்கு ஒன்று என மூன்று கம்பிகள் போதும். முன்னரே அமைத்துவைத்தால், வலைப்பின்னல் எழுமுன் தோன்றும் தொடக்கச் செய்திகளும் மடிக்கணினியில் வரிவரியாக வந்து விழும். பள்ளிகள் விரும்பும் ராஸ்பெரி பை கணிப்பொறியில் இதன் வேகம் வினாடிக்கு 115200 பிட். அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. 5 வோல்ட் இணைப்பியைப் பூட்டினால் கணிப்பொறியே பழுதாகலாம்.

யந்திரம் பதிலளிக்காதபோது, மின்சாரத்திலிருந்து தொடங்குக. வலைக் கம்பியைப் பூட்டிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியின், ரௌட்டர் வழங்கிய முகவரிப் பட்டியலில் அதன் பெயர் உளதா? பெயர் இருந்தும் உள்நுழைய இயலாவிடில், பெரும்பாலும் உள்நுழைவுச் சேவையோ தடுப்புச் சுவரோ காரணம். பெயரே இல்லையெனில், அது பாதி வழியில் நின்றிருக்கக்கூடும். அப்போது சீரியல் கம்பியே துணை. கழற்றியெடுத்த வெளி வட்டைத் தேடிக்கொண்டு தொடக்கத்திலேயே நின்றுவிடும் சர்வர்கள் உண்டு. விசைப்பலகை காணவில்லை, தொடர்வதற்கு விசையை அழுத்துக என்று கூறி நிற்பனவும் உண்டு! அச்சோதனையைப் பயாஸ் அமைப்பில் முன்னரே நிறுத்திவைக்கலாம். தொலைவிலிருந்து வலை அமைப்பை மாற்றுவோர், பத்து நிமிடத்தில் பழைய அமைப்பு தானே மீளுமாறு ஏற்பாடு செய்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

சர்வர் வாங்கும் அலுவலகங்கள் விவரக்குறிப்பில் சீரியல் போர்ட்டைக் கட்டாயமாக்குக. ஆசிரியர்களோ, நன்கு இயங்கும் யந்திரம் ஒன்றின் மானிட்டரைக் கழற்றி, வலைக் கம்பியையும் உருவிவிட்டு, அதன் முகவரி யாதெனக் கண்டுபிடிக்குமாறு மாணவர்க்குப் பணிக்கலாம்.