காயலான் கடையில் கடல் பஞ்சு!

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு கேள்வி. காயலான் கடை மூலையில மலை மாதிரி குவிஞ்சு கிடக்கிற போல்ட்டுல ஒண்ணை எடுத்து, 'இது எந்த வண்டியோடது?'னு கேட்டா என்ன சொல்வீங்க? 'போய் வேலையைப் பாருய்யா'ன்னுதானே! ஒரே சைஸ் போல்ட் பத்து கம்பெனி வண்டியில இருக்கும். ஒரே வண்டிக்குள்ள பத்து சைஸ் போல்ட் இருக்கும். ஆனா, இந்தக் கேள்விக்குப் பதில் தேடுறதையே முழுநேர வேலையா வெச்சிருக்கிற விஞ்ஞானிகள் உண்டு. அவங்க கையில இருக்கிற போல்ட்டுக்குப் பேரு ஸ்பிக்யூல். வண்டி... கடல் பஞ்சு!

பயாலஜி குரூப் மக்களுக்கு இது 'துளையுடலி'. மூளை கிடையாது, வயிறு கிடையாது, இதயம் கிடையாது (எங்க கடைசி பெஞ்ச்லகூட... சரி, வேணாம் விடுங்க!). ஆனாலும் விலங்குதான். அந்த உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது உள்ளே இருக்கிற குட்டிக் குட்டி முட்கள். பல இனங்கள்ல அது சிலிக்கா, அதாவது கண்ணாடி. சிலதுல சுண்ணாம்பு. பஞ்சு செத்ததும் சதை அழுகிடும், முட்கள் உதிர்ந்து கடலடியில சிதறிடும். கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு நம்ம கைக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது அந்த உதிரி பாகம்தான்.

ஜார்ஜ் ஜென்னிங்ஸ் ஹிண்ட்னு ஒருத்தர். இங்கிலாந்துல நார்ஃபோக் பகுதியில, ஹோர்ஸ்டெட்ங்கிற ஊர்ல கிடைச்ச ஒரே ஒரு சிக்கிமுக்கிக் கல். அதுக்குள்ள இருந்த ஸ்பிக்யூல்களை வெச்சே ஒரு ஆய்வேட்டை எழுதி, 1880-ல் வெளியிட்டுட்டார். ஒரே கல்லு, ஒரு டாக்டர் பட்டம்! டைனோசர் காலத்துச் சுண்ணாம்புப் பாறையில இருந்து வந்த கல் அது. மியூனிக்ல அவரோட பேராசிரியர் ஸிட்டெல், 'புதைபடிவப் பஞ்சை வெளித் தோற்றத்தை வெச்சுப் பிரிக்காதீங்க, உள்கட்டுமானத்தைப் பாருங்க'ன்னு சொன்ன மனுஷர்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? உயிரோட இருக்கிற இனத்துல ஒரு துண்டை எடுத்து ப்ளீச்ல போட்டா சதை கரைஞ்சு, கண்ணாடி முட்கள் அடியில தங்கிடும். கழுவி, மைக்ரோஸ்கோப்புல வெச்சு, பாறையில கிடைச்சதோட பக்கத்துல பக்கத்துல பார்க்கணும். போலந்துக்காரர் மாக்தலேனா வூக்கோவியாக், தெற்கு ஆஸ்திரேலியாவுல கிடைச்ச உதிரி ஸ்பிக்யூல்களை இப்படித்தான் ஒப்பிட்டு, சுமார் 3.5 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல்ல எந்தெந்தப் பஞ்சு வாழ்ந்துச்சுன்னு 2015-ல் பட்டியலே போட்டார்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? இங்கதான் ஆப்பு! ரெண்டு முனையும் கூரா இருக்கிற சாதா ஊசி, சம்பந்தமே இல்லாத எக்கச்சக்கமான இனங்கள்ல இருக்கு. அதை வெச்சுப் பேர் சொல்ல முடியாது. விசித்திரமான வடிவம்னா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. ஜியோடியாங்கிற பஞ்சுல பொடிப்பொடி கண்ணாடி உருண்டைகள் உண்டு. பிளாக்கோஸ்பாஞ்சியாவுலயும் உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டு பஞ்சும் நெருங்கின சொந்தம் இல்லை. உயிரோட இருக்கிறதுல அரைகுறையா வளர்ந்த உருண்டைகளைப் பார்த்தாத்தான் குட்டு உடையும். முதலாவது, நடுப்புள்ளியில இருந்து எல்லாப் பக்கமும் கதிர் மாதிரி வளருது. ரெண்டாவது, முள்ளு வெச்ச முறுக்குக் கம்பியா ஆரம்பிச்சு அப்புறம் உருண்டை ஆகுது. முழுசா வளர்ந்த புதைபடிவத்தை மட்டும் பார்த்தா இந்தக் கதை தெரியவே தெரியாது.

என் கணக்குல, வடிவத்தைவிட இந்தத் தயாரிப்பு முறைதான் மேட்டர். கண்ணாடித் தொழிற்சாலைக்கு 1,500 டிகிரி சூடு வேணும். பஞ்சு அதை ஜில்லுன்னு இருக்கிற கடல் தண்ணியிலேயே செய்யுது! நடுவுல ஒரு நுண்ணிய இழை, அதைச் சுத்தி அடுக்கடுக்கா சிலிக்கா. அந்த இழையில இருக்கிற சிலிக்கேட்டின்ங்கிற புரதத்தை 1998-ல் கலிஃபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க. இழை அழிஞ்சதும் அந்த இடத்துல ஒரு குழாய் மிஞ்சும். ஆறு கை கண்ணாடிப் பஞ்சுல அந்தக் குழாயை வெட்டிப் பார்த்தா சதுரம். டெமோஸ்பாஞ்ச் வகையில முக்கோணம் இல்லேன்னா அறுகோணம்.

இந்தக் குழாய்க்கு ஏன் இவ்வளவு பில்டப்? மிகப் பழைய விலங்குகள் எப்போ வந்துச்சுங்கிற வழக்கே இந்த மாதிரி அடையாளங்களை நம்பித்தான் நடக்குது. 1997-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மார்ட்டின் பிரேசியர் குழு, மங்கோலியாவுல கேம்பிரியனுக்கும் முந்தைய பாறையில பஞ்சு முள் இருக்குன்னு எழுதுச்சு. சிலுவை மாதிரி அழகான வடிவம். 2014-ல் மறுபரிசோதனை செஞ்சு, 'அது முள்ளே இல்லை, தாதுப் படிகம்'னு ஒரு கட்டுரை வந்துச்சு. நம்பகமான மிகப் பழைய ஸ்பிக்யூல் ஈரான்ல கிடைச்சதுதான், வயசு சுமார் 53.5 கோடி வருஷம்னு அதுல முடிவு பண்ணாங்க. எழுதின மூணு பேர்ல ஒருத்தர் யாரு தெரியுமா? அதே பிரேசியர்! இதுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம் பாஸ்.

வழக்கு இன்னும் முடியலை. 2024-ல் சீனாவுல இருந்து ஹெலிக்கோலோசெல்லஸ்னு ஒரு புதைபடிவம் பத்தி அறிவிப்பு வந்துச்சு. சுமார் 55 கோடி வருஷப் பழசு, மேல கட்டம் கட்டமா கண்ணாடிப் பஞ்சு மாதிரியே டிசைன். ஆனா, கனிம ஸ்பிக்யூல் ஒண்ணுகூட இல்லை! அதாவது, போல்ட்டே இல்லாத வண்டி. இனி அந்தக் காலத்துப் பாறையில எதைத் தேடுவாங்க, எதோட ஒப்பிடுவாங்க?