அழைத்தவர் ஆண்டவரா, அம்மாவா?

ஊர் எல்லையில் வாழைமரம் கட்டியிருக்கிறது. பாண்டு வாத்தியம் முழங்குகிறது. வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது. கழுத்து நிறைய மாலையோடு ஓர் இளைஞர் நடந்து வருகிறார். நேற்றுவரை அவர் இந்த ஊர்ப் பையன். இன்று அவர் "சாமி"!

அவரைத் தூக்கி வளர்த்த கிழவிகள் முந்திக்கொண்டு வருகிறார்கள். அவருடைய உள்ளங்கைகளில் முத்தமிடுகிறார்கள். ஆயர் எண்ணெய் பூசி அபிஷேகம் செய்த கைகள் அவை. பெற்ற தாய் மகன் முன்னால் முழங்காலில் நிற்கிறாள். அவள் தலைமேல் கை வைத்து மகன் ஆசீர்வதிக்கிறான். தாயின் கண்ணில் தாரைதாரையாகக் கண்ணீர்!

தூத்துக்குடிக் கடற்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கத்தோலிக்கர் வாழும் ஊர்களில் காணக்கூடிய காட்சி இது. குருப்பட்டம் பெற்றவர் சொந்த ஊரில் நன்றிப் பூசை வைக்கும் திருநாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான். கண் கொட்டாமல் பார்க்கிறான். "நானும் ஒருநாள் இப்படி ஆவேன்" என்று அவன் மனம் சொல்கிறது.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆண்டவர் அழைத்தாரா? அல்லது, பாண்டு வாத்தியம் அழைத்ததா?

சிரிப்பதற்காகக் கேட்கும் கேள்வி அல்ல இது. ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் இதில் அடங்கியிருக்கிறது. குருவாகிறவர் மனைவி மக்கள் இல்லாமல் வாழவேண்டும். ஆயர் அனுப்பும் ஊருக்குப் போகவேண்டும். துறவற சபையில் சேருகிறவர், ஆணானாலும் பெண்ணானாலும், ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கவேண்டும். சம்பாத்தியம் சபைக்குத்தான். சொந்த விருப்பம் பின்னால்தான்.

கை நிறையச் சம்பளமும், கார் பங்களாவும் கனவாக இருக்கும் காலத்தில், ஒரு வாலிபன் இதைத் தேடிப் போவது ஏன்?

பார்த்ததுதான் இழுக்கிறது

"தேவ அழைத்தல்" என்று கத்தோலிக்கர் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அது வானத்திலிருந்து அசரீரியாக வருவதில்லை. பெரும்பாலும் ஒரு மனிதரின் முகத்தில்தான் அது முதலில் தெரிகிறது.

பூசைக்கு உதவி செய்யும் சிறுவன் குருவை மிகவும் நெருங்கிப் பார்க்கிறான். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது சாமி!" என்கிறான் ஒருவன். குரு முணுமுணுக்காமல் எழுந்து போகிறார். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. கரையில் அழும் பெண்களோடு அவரும் நிற்கிறார். அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல ஓடுகிறார். இதையெல்லாம் பையன் பார்க்கிறான். "இப்படி வாழ்ந்தால் என்ன?" என்று நினைக்கிறான்.

பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் அப்படி. தொழுநோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்டுகிற கன்னியாஸ்திரி அப்படி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோபமும் கணக்கு வழக்குமாகவே இருக்கும் குருவைப் பார்த்து எந்தப் பையனும் குருமடத்துக்குப் போக ஆசைப்படமாட்டான். சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்த குருக்களைப் பற்றிய வழக்குகள் பல நாடுகளில் அம்பலமாயின. அதனால் எத்தனையோ பெற்றோர் மனம் கசந்து போனார்கள். அழைத்தலைக் கெடுத்தது காலம் மட்டும் அல்ல. அழைக்கப்பட்டவர்களில் சிலரும்தான்.

புத்தகமும் நண்பனும்

சில சமயம் ஒரு புத்தகம் போதும். இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்தவர் வீர சாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை இயேசுவின் வாழ்க்கை வரலாறும், புனிதர்களின் கதைகளும்தான். வேறு வழி இல்லாமல் படித்தார். எழுந்தபோது வேறு மனிதராக எழுந்தார்!

சில சமயம் ஒரு நண்பன் போதும். பிரான்சிஸ் சவேரியார் பாரிஸ் நகரில் படித்த பிரபு வீட்டுப் பிள்ளை. பேரும் புகழும் சம்பாதிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் தங்கிய அறைக்கு 1529-ல் இஞ்ஞாசியார் வந்து சேர்ந்தார். சவேரியார் முதலில் அவரைக் கேலி செய்தார். பிறகு அவர் வழிக்கே வந்தார். 1534 ஆகஸ்டு 15-ல் ஏழு பேர் கூடி வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சேசு சபை அப்படித்தான் முளைத்தது. 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

சில சமயம் ஒரு கடிதம் போதும். ஸ்கோப்யே நகரில் பிறந்த ஒரு பெண், வங்காளத்தில் பணியாற்றிய சேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்களைக் கேட்டு மனம் உருகினாள். 1928-ல், 18-ம் வயதில், வீட்டை விட்டுப் புறப்பட்டாள். அதன்பிறகு அவள் தாயைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்தான் அன்னை தெரசா!

தாயின் நேர்ச்சை

அடுத்தது தாய். இங்கேதான் சிக்கல்.

"பிள்ளை பிழைத்தால் சாமிக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று நேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் உண்டு. பிள்ளை வளர்ந்த பிறகு, "உன்னைச் சாமிக்கு நேர்ந்திருக்கிறேன். நீ பட்டம் வாங்கவேண்டும்" என்பார்கள். பிள்ளை என்ன செய்வான்? மறுத்தால் தாய்க்குத் துரோகம். ஆண்டவருக்கும் துரோகம். வாய் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருமடத்துக்குப் போகிறான்.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ல் உயிர்த்தியாகம் செய்த அருளானந்தரின் கதையை இந்தத் தாய்மார்கள் கேட்கவேண்டும்.

அவர் லிஸ்பன் நகரில் பிறந்தவர். போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். 11-ம் வயதில் கடும் நோய் கண்டது. சவேரியாருக்குத் தாய் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஒரு வருடம் சேசு சபை அங்கியை அணிவித்தார். ஒரு வருடம்தான்! அதோடு தாயின் நேர்ச்சை முடிந்தது. ஆனால், 1662-ல் பிள்ளை தானாகவே அந்த அங்கியைத் தேடிப் போனான். 1673-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அங்கி போட்டு அழகு பார்த்த அதே தாய் அவரைத் தடுக்கப் பார்த்தார். அவர் நிற்கவில்லை. கப்பல் ஏறினார்.

இதிலிருந்து தெரிவது என்ன? தாய் அங்கியைப் போடலாம். மனதைப் போட முடியாது. தாய் தடுக்கலாம். மனம் உறுதியாக இருந்தால் நிறுத்த முடியாது. பிள்ளையைத் தள்ளுவதும் தவறு. பிடித்து நிறுத்துவதும் தவறு.

திருச்சபையும் இதைத்தான் சொல்கிறது. ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தி மடத்தில் சேர்ப்பவர்களைச் சபையிலிருந்து விலக்கி வைக்கவேண்டும் என்று 1563-லேயே திரெந்துப் பொதுச்சங்கம் விதித்தது. அச்சுறுத்தலால் துறவற சபையில் சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது என்கிறது, இன்று நடப்பில் உள்ள 1983-ம் வருடத்துச் சட்டம்.

வறுமையும் மரியாதையும்

பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. அதையும் பேசிவிடவேண்டும்.

நாலைந்து பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில், ஒருவன் குருமடத்துக்குப் போனால் அவனுக்குச் சோறும் படிப்பும் கிடைக்கும். குடும்பத்துக்கு ஊரில் மரியாதை கிடைக்கும். வரதட்சணைக்கு வழியில்லாத வீட்டில், மகள் மடத்துக்குப் போனால் தந்தைக்குப் பாரம் குறையும். இந்த எண்ணங்கள் எங்கும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஏழை வீட்டுப் பிள்ளை குருவாகக்கூடாது என்று இதற்கு அர்த்தம் அல்ல. பசி தெரிந்தவனுக்குத்தான் பசித்தவனின் முகம் தெரியும். ஆனால், சோறு அழைத்து வந்தவனை ஆண்டவர் அழைத்தாரா என்று விசாரிக்க வேண்டியது பெரியவர்களின் கடமை. படிப்புக்கு வழியில்லாத பிள்ளைக்குப் படிப்பைக் கொடுங்கள். அதற்கு விலையாக அவன் வாழ்க்கையைக் கேட்காதீர்கள்!

சோதிக்கும் வருடங்கள்

அதற்காகத்தான் இத்தனை வருடப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். குருவாக, குறைந்தது ஆறு வருடம் தத்துவமும் வேதசாஸ்திரமும் படிக்கவேண்டும். 25 வயது நிறையுமுன் பட்டம் கிடையாது. துறவற சபையில் நவதுறவியாக 17 வயது நிறைந்திருக்கவேண்டும். ஒரு வருடமாவது அந்தப் பயிற்சி. பிறகு குறைந்தது மூன்று வருடத்துக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு. அந்தத் தவணை முடிந்ததும் விரும்பியவர் தாராளமாக வெளியேறலாம். அதற்குப் பிறகுதான் ஆயுளுக்கும் கட்டும் வார்த்தைப்பாடு.

ஆக, சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அடைத்து வைத்திருப்பது ஊர்தான்!

திரும்பி வந்தவன்

ஐந்து வருடம் குருமடத்தில் இருந்த ஒருவன், "இது என் வழி அல்ல" என்று உணர்ந்து வீடு திரும்புகிறான். ஊர் என்ன சொல்கிறது? "என்ன தப்புப் பண்ணினானோ?" என்கிறது. தாய் வெளியே தலை காட்டுவதில்லை. பெண் கேட்டுப் போனால், "மடத்திலிருந்து ஓடி வந்தவனா?" என்கிறார்கள். மடத்திலிருந்து திரும்பிய பெண்ணின் பாடு இன்னும் மோசம்.

இந்தப் பேச்சுக்குப் பயந்துகொண்டு உள்ளேயே தங்கிவிடுகிறவன் என்ன ஆவான்? மனமில்லாமல் பட்டம் வாங்குவான். மனமில்லாமல் பூசை வைப்பான். அவனும் கெடுவான். அவனிடம் வரும் மக்களும் கெடுவார்கள். கசந்துபோன குருக்கள் சிலரை உருவாக்குவது ஊரின் நாக்குதான்.

பிரான்சு நாட்டில் லூயி மார்ட்டின் என்று ஓர் இளைஞர். துறவியாக ஆசைப்பட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள மடத்துக்குப் போனார். "லத்தீன் படித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். படிப்பு ஏறவில்லை. கடிகாரம் பழுது பார்க்கும் தொழிலுக்குப் போனார். செலி என்ற பெண்ணும் மடத்தில் சேரப் போனார். அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. இருவரும் 1858-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேர் சிறு வயதில் இறந்துபோனார்கள். மிஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியாஸ்திரிகள் ஆனார்கள். அவர்களில் கடைக்குட்டி, 15-ம் வயதில் மடத்தில் சேர்ந்த குழந்தை தெரேசம்மாள். உலகமெங்கும் கொண்டாடப்படும் புனிதை! மடத்துக் கதவு மூடிய அந்தத் தம்பதியையும் 2015-ல் புனிதர்களாகத் திருச்சபை உயர்த்தியது.

அவர்களைப் பார்த்து "தோற்றுப்போனவர்கள்" என்று யார் சொல்வார்கள்?

எண்ணிக்கை பெரிதா?

இன்று உலகில் குருமாணவர்கள் குறைந்து வருகிறார்கள். 2011-ல் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2023 முடிவில் சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம் பேர்தான். தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லை. ஒரே மகனை எப்படி அனுப்புவது என்று தாய் தயங்குகிறாள். ஆயர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. தேவ அழைத்தலுக்காக வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகமெங்கும் ஜெபிக்கும் வழக்கம் 1964-ல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

ஜெபிக்கட்டும். ஆனால், ஆள் குறைகிறதே என்று அவசரப்பட்டு ஆள் பிடிக்கவேண்டாம். மனமில்லாத நூறு பேரைவிட, மனமுள்ள பத்துப் பேர் மேல்.

வாழைமரம் கட்டிப் புதுக் குருவை வரவேற்கும் ஊர் நல்ல ஊர்தான். ஆனால், ஊரின் பெருந்தன்மை அன்று தெரிவதில்லை. ஒரு பையன் பெட்டியோடு பஸ்ஸை விட்டுத் தலைகுனிந்து இறங்குகிறானே, அன்றுதான் தெரியும். அன்று பாண்டு வாத்தியம் வேண்டாம். மாலையும் வேண்டாம். "வாப்பா, சாப்பிட்டாயா?" என்று ஒரு வார்த்தை போதும்.

திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான், போகிறவன் மனதாரப் போவான். அப்படிப் போகிறவனைத்தான் ஆண்டவர் அழைத்தார் என்று நம்பலாம்!